லீவுல பசங்க என்ன சேவை செய்யலாம்? கொத்தமங்கலம் மாதிரி ஊருக்கு ஒரு நோட்டும் நாலு பேரும் போதும்

காலாண்டு லீவோ கோடை லீவோ, எது வந்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் கேள்வி எட்டிப்பார்க்கும். "பையன் சும்மாதான் இருக்கான், ஏதாவது சமூக சேவை மாதிரி பண்ணச் சொல்லலாமா?" கேட்பது பெரும்பாலும் ஊரில் இருக்கும் அக்கா. பதில் சொல்ல வேண்டியவர் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் தம்பி. அவரும் அவசரமாக கூகுளில் தேடுவார். உணவு வங்கியில் உதவுங்கள், விலங்குகள் காப்பகத்துக்குப் போங்கள், அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக நில்லுங்கள் என்று பட்டியல் வரும். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் அவை எல்லாம் வேறு ஊர்களுக்காக எழுதப்பட்டவை.

பள்ளிகளில் நடப்பதும் நமக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு வெள்ளைத் தொப்பி போட்ட இருபது பேர், கையில் புதுத் துடைப்பம், பின்னால் பேனர். போட்டோ முடிந்ததும் டீ, பிஸ்கட். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே குப்பை கிடக்கும். இதில் பசங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "என்ன நிகழ்ச்சி நடத்தலாம்?" என்று அவர்களிடம் கேட்கிறார்கள். "இந்த ஊருக்கு என்ன தேவை?" என்று கேட்பதில்லை.

அந்த இரண்டாவது கேள்வியை ஒரு குறிப்பிட்ட ஊரை வைத்துக் கேட்டுப் பார்த்தால் என்ன? சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடி வட்டாரத்தில் இருக்கும் கொத்தமங்கலத்தையே எடுத்துக்கொள்வோம். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நீளும் செட்டிநாட்டு ஊர்களின் வரிசையில் இதுவும் ஒன்று. இந்த ஊர்களுக்கென்று சில பொதுவான அடையாளங்கள் உண்டு. ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் முடியும் பெரிய வீடுகள். அவற்றில் பல, கல்யாணம் அல்லது சாமி கும்பிடும் நாளில் மட்டும் திறப்பவை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகள், உள்ளூரில் வயதானவர்கள். அப்புறம் ஊருணி. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தபோது வெளியாட்களின் கண் வீடுகள் மேல்தான் இருந்தது. ஆற்றுப் பாசனம் இல்லாத வறண்ட பூமியில் இத்தனை பெரிய ஊர்கள் எப்படி நிலைத்தன என்று கேட்டால், ஊருணிப் பக்கம்தான் போக வேண்டும்.

படிக்கட்டை எண்ணுங்கள்

ஊருணி என்றால் ஊரார் உண்ணும் நீர் இருக்கும் இடம். குளிக்க ஒன்று, குடிக்க ஒன்று என்று தனித்தனியாக வைத்திருந்த ஊர்கள் உண்டு. நாலு பக்கமும் படிக்கட்டு, மழைத் தண்ணீர் வந்து சேர வரத்துக்கால், நிறைந்தால் வெளியேற ஒரு வழி. குழாய்த் தண்ணீரும் போர்வெல்லும் வந்த பிறகு பல ஊர்களில் ஊருணி கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. இடம் அங்கேயேதான் இருக்கிறது. பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

இங்கே உடனே எல்லோருக்கும் தோன்றுவது, "பசங்களைக் கூட்டிட்டுப் போய் தூர்வாரலாமே!"

வேண்டாம். தூர்வாருவது ஜே.சி.பி.யின் வேலை. ஊராட்சியின் அனுமதி வேண்டும், அள்ளும் மண் எங்கே போகிறது என்பதற்குக் கணக்கு வேண்டும். சீமைக்கருவேலம் வெட்டுவதும் அப்படித்தான். முள் குத்தினால் புண் ஆறுவது கஷ்டம். அடியோடு வேரைத் தோண்டாமல் மேலே மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கு இன்னும் அடர்த்தியாகத் தழைக்கும். பதினைந்து வயதுப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையை இதில் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

அவர்களால் செய்ய முடிந்த, பெரியவர்கள் யாரும் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. வாரம் ஒருமுறை ஊருணிக்குப் போய், தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவது. அவ்வளவுதான். தேதி, படி எண்ணிக்கை, தண்ணீரின் நிறம், ஒரு போட்டோ. போட்டோ எப்போதும் ஒரே இடத்தில் நின்று எடுத்ததாக இருக்க வேண்டும்.

கூடவே வீட்டு மொட்டை மாடியில் ஒரு மழைமானி. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, கவிழ்த்து, புனல் மாதிரி உள்ளே சொருகினால் மழைமானி தயார். நேராக நிற்கும் பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டி, ஸ்கேலின் பூஜ்யம் வரை முதலில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் பாட்டிலின் அடிப்பாகம் சமமாக இருக்காது. காலை எட்டரை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்று பார்த்து எழுதிவிட்டு, மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் அறுபது குடத்துக்கு மேல். பழைய வீடுகளின் வளவில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் உள்முற்றத்தில் விழும்படி ஏன் கட்டினார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

இதனால் என்ன பயன்? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தெரியும். மழைமானியில் 50 மி.மீ. ஏறியிருக்கிறது. ஊருணியில் ஒரு படிகூட மூழ்கவில்லை என்று வையுங்கள். மழை பெய்யாமல் இல்லை. பெய்த தண்ணீர் வந்து சேரவில்லை. வரத்துக்கால் எங்கோ அடைத்திருக்கிறது. ரோடு போட்டபோது மூடிய குழாயாக இருக்கலாம், குப்பை கொட்டிய இடமாக இருக்கலாம், யாரோ ஒருவர் எழுப்பிய சுவராகவும் இருக்கலாம். மழை நின்று காய்ந்த பிறகு, ஒரு பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்தக் காலைத் தலைமாட்டிலிருந்து ஊருணி வரை நடந்து பார்த்து, அடைப்பு உள்ள இடங்களை மொபைல் மேப்பில் குறிக்கலாம்.

தண்ணீர் மழைக்காலம் முடிந்து எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதும் அதே நோட்டில் கிடைக்கும். ஒரு ஏக்கர் பரப்புள்ள ஊருணியில் நீர்மட்டம் 20 சென்டிமீட்டர் குறைந்தால் அது சுமார் 8 லட்சம் லிட்டர். "தண்ணி குறைஞ்சு போச்சு" என்று டீக்கடையில் சொல்வதற்கும், "மூணு வாரத்தில் எட்டு லட்சம் லிட்டர் போயிருக்கு" என்று எழுதிக் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

காட்டும் இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஊருணிக் கணக்கை வாசிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. கிராம சபையின் உறுப்பினர்கள் வாக்காளர்கள்தான், அதாவது 18 வயது நிறைந்தவர்கள். ஆகவே மனுவில் கையெழுத்து அம்மாவுடையதாகவோ ஐயாவுடையதாகவோ இருக்க வேண்டும். நோட்டு பேரனுடையதாக இருக்கலாம். பக்கத்தில் இருப்பது பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடம் மனு கொடுக்கலாம்.

இன்னொரு கொத்தமங்கலம்

"சின்னப் பசங்க எழுதுற நோட்டை யார் மதிப்பாங்க?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இதே பெயரில் புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஊர் உண்டு. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருப்பது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து முடங்கிய பகுதிகளில் அதுவும் ஒன்று. மறு ஆண்டே அந்த ஊர் இளைஞர்கள் சொந்தப் பணமும் வசூலுமாகச் சேர்த்து நீர்நிலைகளைத் தூர்வார இறங்கினார்கள். அதே காலத்தில் தஞ்சை மாவட்டம் பேராவூரணியில், வெளிநாட்டு ஐ.டி. வேலையிலிருந்து ஊர் திரும்பிய நிமல் ராகவனும் நண்பர்களும் உள்ளூர் விவசாயிகளோடு சேர்ந்து 564 ஏக்கர் பெரிய குளத்தில் வேலையைத் தொடங்கினார்கள்.

அவர்கள் டீன் ஏஜ் பிள்ளைகள் அல்ல, சம்பாதிக்கும் இளைஞர்கள். ஆனால் கவனிக்க வேண்டியது, இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கும் முன்னால் எந்த வாய்க்கால், எவ்வளவு ஆழம், எங்கே அடைப்பு என்ற தகவல் யாருக்கும் வேண்டும். அது கையில் இல்லாமல் வாரிய குளம் ஆழமான பள்ளமாக மட்டுமே இருக்கும், தண்ணீர் வராது. நோட்டு போடும் பசங்க செய்வது இந்த முதல் வேலையைத்தான்.

குளக்கரையில் கையை அழுக்காக்கிக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பனை விதை இருக்கிறது. ஆவணி, புரட்டாசியில் பழம் உதிரும்போது பொறுக்கினால் காசு செலவில்லை. ஒரு அடி ஆழக் குழி, பத்து அடி இடைவெளி, மழைக்கு முன்னால் நட்டால் போதும், தண்ணீர் ஊற்றக்கூட வேண்டியதில்லை. முதல் சில மாதங்களுக்கு மேலே எதுவும் தெரியாது, எல்லாம் பூமிக்குள்தான் நடக்கும். நட்டவர்களே தை மாதம் வந்து கிழங்கு தோண்டித் தின்றுவிட்டால் மட்டும் கதை முடிந்தது. அது கொத்தமங்கலத்தில் மட்டுமில்லை, எங்கேயும் நடக்கக்கூடியது.

ஆச்சி வீட்டுக்கு அரை மணி நேரம்

செட்டிநாட்டு ஊர்களில் சேவை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது பூட்டிய கதவுகளை அல்ல, பூட்டாத கதவுகளை. பத்து அறை வீட்டில் ஒரே ஒருவர் இருப்பார். பிள்ளை சிங்கப்பூரில், பேத்தி அமெரிக்காவில். பணத்துக்குக் குறை இருக்காது. பேத்தி அனுப்பிய போட்டோவைத் திறந்து காட்டத்தான் ஆள் இருக்காது. முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பழம் கொடுத்துவிட்டு வருவதைவிட, சொந்தத் தெருவில் வாரம் அரை மணி நேரம் ஒரே வீட்டுக்குப் போவது பல மடங்கு உருப்படியான வேலை.

என்ன செய்யலாம்? போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைக்கலாம். வீடியோ கால் எப்படிப் போடுவது என்று, செய்து காட்டாமல் அவர்களையே செய்ய வைத்துச் சொல்லித்தரலாம். மாத்திரைப் பட்டியலைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டலாம் (டாக்டர் சீட்டைப் பார்த்து, வீட்டாரிடம் ஒருமுறை சரிபார்த்த பிறகு). கரண்ட் பில் எப்போது கட்ட வேண்டும் என்று காலண்டரில் வட்டமிடலாம். ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். முகத்தைக் காட்டி ஸ்மார்ட்போனிலேயே அதைச் செய்யும் வசதி 2021 முதல் மத்திய அரசின் ஜீவன் பிரமான் முறையில் இருக்கிறது. ஆதார் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் அதை வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

இங்கேதான் ஜாக்கிரதையும் வேண்டும். உதவப் போன பிள்ளைக்கு யாருடைய பின் நம்பரும் தெரியக் கூடாது. பணம் அனுப்பும் ஆப்பைத் தொடக் கூடாது. "நீயே அனுப்பிடுப்பா" என்று ஆச்சி நம்பிக்கையோடு போனை நீட்டினாலும், "வேணாம் ஆச்சி, அது நீங்கதான் போடணும்" என்று சொல்லப் பழக வேண்டும். பின்னாளில் பத்து ரூபாய் கணக்கு இடித்தால்கூடப் பழி அந்தப் பிள்ளை மேல் வரும். எப்போதும் இருவராகப் போவது, எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது, இரண்டும் கட்டாயம். உதவி செய்பவரின் பாதுகாப்பும் இதில் அடங்கும். மனதுக்கு ஒவ்வாத எதுவும் நடந்தால் வீட்டில் சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

ஆச்சியின் போனில் சேமித்துத் தர வேண்டிய எண்கள் இரண்டு. முதியோர் உதவிக்கு 14567. ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே கூப்பிட 1930. "பேங்கிலிருந்து பேசுறேன், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று வரும் கால் எப்படி இருக்கும் என்று ஒருவர் மோசடிக்காரராகவும் ஒருவர் ஆச்சியாகவும் நடித்துக் காட்டினால், பத்து நோட்டீஸ் ஒட்டுவதைவிட நன்றாக மனதில் நிற்கும். பசங்களுக்கும் ஜாலியாக இருக்கும்.

இப்படிப் போய்வரும் வீடுகளில் இன்னொன்றும் கிடைக்கும். கதை. பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன தாத்தா, ஊருணிக்குப் பழைய பெயர், எந்தப் பஞ்சத்தில் எந்தக் கிணறு வற்றவில்லை என்ற நினைவு. அனுமதி கேட்டு மொபைலில் பதிவு செய்து, பெயரும் தேதியும் போட்டு வைத்தால் அதுவும் சேவைதான். இதில் காரைக்குடியை ஒட்டிய கோட்டையூருக்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. ரோஜா முத்தையா செட்டியார் அங்கே உட்கார்ந்துகொண்டு புத்தகம் மட்டுமில்லாமல் கல்யாணப் பத்திரிகை, துண்டு நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்பது அதுதான். 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதவோ படம் சேர்க்கவோ பட்டம் தேவையில்லை. தன் ஊர்ப் பக்கத்தைத் திறந்து, ஊருணியின் படம் அதில் இருக்கிறதா என்று ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவியே பார்க்கலாம். அடுத்தவர் வீட்டு உள்பக்கத்தை, ஆட்களின் முகத்தைக் கேட்காமல் போடக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

எந்த வயசுக்கு எது?

ஆர்வம் இருந்தாலும் சட்டமும் விதியும் விடாத வேலைகள் சில உண்டு. ரத்த தானத்துக்கு 18 வயது, 45 கிலோ எடை கட்டாயம். பதினாறு வயதுப் பையன் முகாமில் பெயர் பதிவு செய்யலாம், ஜூஸ் கொடுக்கலாம், ஊசி போட்டுக்கொள்ள முடியாது. 2021 அக்டோபர் 27 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித்தர பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும் என்றார்கள்.

அதற்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளை யாருக்கும் எதுவும் சொல்லித்தரக் கூடாது என்று அர்த்தமில்லை. பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புக் குழந்தையை உட்கார வைத்து, தினம் இருபது நிமிடம் ஒரு கதைப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கக் கேட்பதற்கு எந்தத் தகுதியும் வேண்டாம். திருத்தக்கூட வேண்டாம், கேட்டால் போதும். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வு எழுதித்தரும் ஆளுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது, தேர்வரைவிடக் குறைந்த படிப்பு. ஆகவே அதற்குப் பள்ளி மாணவர்களும் தேவைப்படுவார்கள். தேதி கொடுத்துவிட்டு அன்று காலை வராமல் போனால் ஒருவரின் ஒரு பருவமே போய்விடும் என்பதால், விளையாட்டாக ஒப்புக்கொள்ளும் விஷயமில்லை இது.

சொல்லித்தருவதில் பக்கத்து மாவட்டம் ஒரு வரலாறே வைத்திருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். சம்பளம் வாங்காத இளைஞர்களும் பெண்களும் இரவு வகுப்பு எடுத்தார்கள். எழுத்தோடு சேர்த்து கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். பாடத்திட்டத்தில் சைக்கிளைச் சேர்க்கலாம் என்று தோன்றியதே, அதுதான் அந்த இயக்கத்தின் புத்திசாலித்தனம். அந்தப் பெண்களுக்கு அன்று எது வேண்டியிருந்தது என்று பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்தச் சைக்கிளின் இடத்தில் ஸ்மார்ட்போன் இருக்கலாம்.

சும்மா இருப்பதும் சேவை

சிவகங்கை மாவட்டத்திலேயே திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 38.4 ஹெக்டேர். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடும் என்பதால் பல வருடங்களாக இப்படி. வனத்துறை அந்த மக்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது தீபாவளி நேரத்தில் வழக்கமாக வரும் செய்தி. ஊரில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளை ஒவ்வொரு ஆண்டும் எதை விட்டுக்கொடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யாரும் அதற்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை.

பறவை பார்க்கப் பிடித்தவர்களுக்குப் பொங்கல் விடுமுறை இருக்கிறது. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், இருக்கும் இடத்திலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். ஊருணிக்கரையைவிட நல்ல இடம் எது? படி எண்ணப் போகும் அதே ஆட்களே இதையும் செய்யலாம்.

மாணவர்களே நடத்தி, பல பத்தாண்டுகளாக நிற்காமல் ஓடும் ஒரு தன்னார்வ வேலை தமிழ்நாட்டில் உண்டா என்று கேட்டால், சென்னைக் கடற்கரையைக் காட்டலாம். 1988 முதல் மாணவர்கள் கடல் ஆமைகள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள், பங்குனி ஆமைகள் முட்டையிடும் ஜனவரி முதலான மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க மணலில் நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான குழியில் வைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். பேட்ச் பேட்சாக ஆட்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள், நடை நிற்கவில்லை. என்ன ரகசியம்? வேலை எளிமையானது, நாள் தவறாதது, எழுதி வைக்கப்படுவது. மூத்தவர் இளையவரைக் கூடவே கூட்டிக்கொண்டு நடக்கிறார். கொத்தமங்கலத்து நோட்டுக்கும் இதே விதிதான் பொருந்தும். பிளஸ் டூ முடித்துப் போகும் அண்ணன், எட்டாம் வகுப்புத் தம்பியிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

சர்டிஃபிகேட் கிடைக்குமா?

நியாயமான கேள்வி. கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் முகாமும் முடித்தால் சான்றிதழ் உண்டு. மேல்நிலைப் பள்ளிகளிலும் என்.எஸ்.எஸ். இருக்கிறது. அதற்குக் கீழே இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், தேசிய பசுமைப் படை. பள்ளியில் இவற்றில் எது உயிரோடு இருக்கிறதோ அதன் பொறுப்பாசிரியரிடம் முதலிலேயே நோட்டைக் காட்டி, ஊருணிக் கணக்கெடுப்பைப் பணி நேரமாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டுவிடலாம்.

கட்டாயமாக்கிய இடங்களும் உலகில் இருக்கின்றன. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 40 மணி நேரச் சமூகப் பணி வேண்டும். டொரண்டோவில் தமிழ் பேசும் குடும்பங்களுக்கும் இது பழகிப்போன கணக்கு. கட்டாயம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் அங்கே இன்னும் நடக்கிறது. நம் ஊருக்கு அந்த விவாதம் புதிதல்ல. ஏரி, குளத்தை ஊராரே சேர்ந்து பராமரித்த குடிமராமத்தை, 1858-ல் பிரிட்டிஷ் அரசு மெட்ராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் என்று எழுதி வைத்தது. அதுவரை ஊர் வழக்கமாக இருந்ததற்கு வந்த பெயரைப் பாருங்கள்.

பெயர் என்றதும் ஒரு கிளைக்கதை. தன்னார்வலர் என்ற சொல் நமக்குச் சமீபத்தில்தான் பழக்கமானது. தொண்டர் என்ற நல்ல சொல்லைக் கட்சிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. நூறு வருடங்களுக்கு முன்னால் காரைக்குடியில் பொதுவேலைக்கு இறங்கிய இளைஞர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்கள் தெரியுமா? ஊழியன். அந்தப் பெயரிலேயே அங்கிருந்து ஒரு பத்திரிகையும் வந்தது. புதுமைப்பித்தன்கூட அதில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார்.

தண்ணீர்ப் பக்கம் போகும் வேலை என்பதால் கடைசியாக ஒரு கண்டிப்பு. படி எண்ணுவது கரையில் நின்றுதான். பாசி படிந்த கடைசிப் படிக்கு இறங்கக் கூடாது, தனியாகப் போகக் கூடாது, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவராவது கூட இருக்க வேண்டும், மழை கொட்டும்போது போகவே வேண்டாம். ஒரு வாரக் கணக்கு விடுபட்டால் நோட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம். உத்தேசமாக ஒரு எண்ணை எழுதுவதுதான் தப்பு.

சரி, ஐ.டி. பார்க்கில் உட்கார்ந்து இதைப் படிக்கும் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் என்ன வேலை? பணம் அனுப்பும் யோசனை உடனே வரும். ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல், காலி பாட்டில், இதற்கெல்லாம் நூறு ரூபாய் ஆகாது. வேண்டியது கேட்பதற்கு ஒரு ஆள். நாலாவது வாரத்தில் எந்தப் பிள்ளைக்கும் சலிப்பு தட்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு போன் போட வேண்டும். மார்க் எவ்வளவு என்று கேட்கும் முன்னால், "இந்த வாரம் எத்தனை படிடா?"